எருமைத் தயிரும் மண்சட்டியும்

கேள்வி: வீட்டில் எவர்சில்வர் பாத்திரத்தில் உறைய வைக்கும் தயிர் தண்ணீர் விடுகிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையிலிருந்து வரும் சட்டித் தயிர் மட்டும் கட்டியாக இருப்பது ஏன்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: முதற் காரணம் பால். பசுப்பாலில் ஏறத்தாழ 4 சதவீதம் கொழுப்பிருக்க, எருமைப்பாலில் அது 7 சதவீதம் அளவில் இருக்கும். புரதமும் கூடுதல் என்பதால் தயிர் நன்கு இறுகுகிறது. அடுத்தது சட்டி. சுட்ட களிமண்ணின் நுண்துளைகள் தயிரின் நீரை மெல்ல உறிஞ்ச, அந்நீர் வெளிப்புறத்தில் ஆவியாகிச் சட்டியையும் குளிர்விக்கிறது. நல்ல சட்டியின் அடியைத் தடவினால் விரலில் ஈரம் படும்.

பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு, அதாவது 40 முதல் 45 பாகை செல்சியஸ் வரை ஆறிய பின்னரே உறை இட்டு, உறையும்வரை அசைக்காமல் வையுங்கள். உறை கூடினால் புளிக்கும். வாங்கும்போது நிறத்தையும் பாருங்கள்: எருமைத் தயிர் தூய வெள்ளை, மஞ்சட் சாயல் பசுப்பாலுக்குரியது.

கித்துள் பாணி (கித்துள் பனையின் பதநீரைக் காய்ச்சிய பாகு) ஊற்றி உண்பதும் சுவையே. ஆயினும் சுடுபிட்டில் கட்டித் தயிரும் வாழைப்பழமும் சீனியும் சேர்த்துப் பிசைந்து உண்பதை நான் எதற்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.