பேக்கப் டேப்கள் சீக்கிரமே தீர்ந்துபோகின்றன. இடத்தை வீணாக்காமல் எப்படி நிர்வகிப்பது?

டேப் லைப்ரரியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. இப்படி யாராவது கேட்டால் நான் முதலில் திருப்பிக் கேட்பது: ஒரே டேப்பில் என்னென்ன எழுதுகிறீர்கள்?

டிஸ்க்கில் ஒரு ஃபைலை அழித்தால் அந்த இடம் உடனே திரும்பக் கிடைக்கும். டேப்பில் கடைசியாக எழுதிய இடத்துக்கு அடுத்துதான் எழுத முடியும். நடுவில் ஒரு பேக்கப் காலாவதியானாலும் அது அங்கேயே கிடக்கும். தினசரி இன்கிரிமென்டலை (முந்தைய பேக்கப்புக்குப் பிறகு மாறியவற்றை மட்டும் எடுப்பது) 2 வாரமும் ஆண்டு இறுதி ஃபுல் பேக்கப்பை 7 வருடமும் வைத்திருக்க வேண்டும் என்று வையுங்கள். இரண்டும் ஒரே எல்டிஓ-8 டேப்பில் (எல்டிஓ என்ற டேப் வகையின் எட்டாம் தலைமுறை) ஏறிவிட்டால், 1 டெராபைட் ஃபுல் பேக்கப்புக்காக 12 டெராபைட் டேப் முழுவதும் 7 வருடம் முடங்கிவிடும். பெரும்பாலான இடங்களில் டேப் போதாமல் போவதற்கு இதுதான் காரணம் என்பேன்.

ஆகவே எந்த சர்வர், எந்தத் துறை என்று பார்த்து பூல் (சேர்த்துப் பயன்படுத்தும் டேப்களின் தொகுப்பு) பிரிக்காதீர்கள். எப்போது காலாவதியாகும் என்று பார்த்துப் பிரியுங்கள். ஒன்றாகச் சாக வேண்டியவை ஒரே டேப்பில் இருக்கட்டும்.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பகுலா போன்ற பேக்கப் மென்பொருளில் வால்யூம் ரிட்டென்ஷன் (ஒரு டேப்பை எவ்வளவு காலம் அழிக்காமல் வைத்திருப்பது என்ற கெடு), டேப்பில் கடைசியாக எழுதிய நேரத்திலிருந்துதான் ஓடத் தொடங்கும். நிரம்பட்டும் என்று ஒரே டேப்பில் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக எழுதிக்கொண்டே போனால், அதிலுள்ள பழைய ஜாப்களும் (முன்பு ஓடிய பேக்கப்கள்) விடுதலையாகாது. வால்யூம் யூஸ் டியூரேஷனை (ஒரு டேப்பில் எவ்வளவு நாள் எழுதலாம் என்ற வரம்பு) ஒரு வாரம் என்று வைத்தால், பாதிதான் நிரம்பியிருந்தாலும் அந்த டேப் மூடப்படும். வீண் போலத் தோன்றும். ஆனால் அது சீக்கிரம் சுழற்சிக்குத் திரும்பி வரும், மொத்தத்தில் குறைவான டேப்களே தேவைப்படும். ஐபிஎம் ஸ்டோரேஜ் புரொடெக்ட் (முன்பு ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட்) என்ற பேக்கப் மென்பொருளில் வழி வேறு: டேப்பில் காலாவதியான பகுதி ஒரு வரம்பைத் தாண்டியதும் மிச்சத்தை வேறு டேப்புக்கு நகர்த்தும் ரிக்ளமேஷன் அதிலேயே இருக்கிறது. டிரைவ்கள் சும்மா இருக்கும் நேரத்தில் அது ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்டிஓ-8 டேப்பின் அட்டையில் போட்டிருக்கும் 30 டெராபைட்டை நம்பித் திட்டம் போடாதீர்கள். அது 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானம். வீடியோவும் ஜிப் ஃபைலும் சுருங்காது. மென்பொருளில் என்கிரிப்ட் செய்து அனுப்பினாலும் டிரைவால் சுருக்க முடியாது. எல்டிஓ-4 முதல் டிரைவே சுருக்கிவிட்டு என்கிரிப்ட் செய்யும் வசதி இருக்கிறது. சாவி நிர்வாகம் ஒழுங்காக இருந்தால் அதுவே நல்லது.

டேட்டா வரும் வேகத்தையும் பாருங்கள். எல்டிஓ-8 டிரைவ் வினாடிக்கு 360 மெகாபைட் வரை எழுதும். டிரைவ் இறங்கிவரக்கூடிய குறைந்தபட்ச வேகத்துக்கும் கீழே டேட்டா வந்தால் டேப் நின்று, பின்னால் போய், மறுபடி கிளம்பும். ஹெட்டும் தேயும், டேப்பும் தேயும். முதலில் வேகமான டிஸ்க்கில் ஸ்பூல் செய்து (தற்காலிகமாகச் சேர்த்துவைத்து) அங்கிருந்து மொத்தமாக எழுதுங்கள்.

புதிய டேப் வாங்கும் முன் கேட்டலாகிலிருந்து (எந்த டேப்பில் எது இருக்கிறது என்று பேக்கப் மென்பொருள் வைத்திருக்கும் பதிவேடு) ஒரு பட்டியல் எடுங்கள்: ஒவ்வொரு டேப்பிலும் எவ்வளவு டேட்டா இன்னும் தேவை, கடைசி ஜாப் எப்போது காலாவதியாகிறது. சிறிதளவே தேவையான டேட்டாவோடு வருடக்கணக்கில் முடங்கிய டேப்களிலிருந்து அந்த டேட்டாவை மட்டும் நீண்டகால பூலுக்கு நகர்த்துங்கள். நகல் சரியாகப் படிக்கிறதா என்று ஒரு ரீஸ்டோர் செய்து பார்த்த பிறகு பழைய டேப்பை விடுவிக்கலாம்.