சிங்கப்பூரில் நான்கு இரவுகள்: எந்த உணவகங்களில் முன்பதிவு செய்வது?

கேள்வி: திருமண நாளையொட்டி நானும் மனைவியும் நான்கு இரவுகள் சிங்கப்பூரில் தங்கவிருக்கிறோம். நான்கு இரவுக்கும் மிச்செலின் நட்சத்திரம் (மிச்செலின் உணவக வழிகாட்டி ஒன்று முதல் மூன்று வரை தரும் தரக்குறி) பெற்ற உணவகங்களிலேயே முன்பதிவு செய்ய எண்ணுகிறேன். மனைவி மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் உண்பதில்லை. எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில்: நான்கு இரவுக்கும் வேண்டாம். இத்தகைய உணவகங்கள் பலவற்றில், சமையற்கலைஞர் வகுத்த வரிசையில் சிறுசிறு தட்டுகளாகப் பரிமாறுவதால், ஒரு விருந்து முடிய மூன்று மணி நேரம்கூட ஆகலாம். அடுத்தடுத்த இரவுகளில் அப்படி உண்டால், மூன்றாம் நாள் பசியும் இராது, ஆர்வமும் இராது. ஆகவே நட்சத்திரங்களை எண்ணாமல், சமையல் மரபும் செலவும் மாறி மாறி வருமாறு பாருங்கள்.

நீண்ட இரவு விருந்துக்கு என் தேர்வு, பினாங்கில் பிறந்த மனோ தேவரின் ‘தேவர்’. 2022 இல் இரண்டாம் நட்சத்திரம் பெற்ற இவ்வுணவகத்தில், நமக்குப் பழகிய மசாலாக்கள் ஐரோப்பியச் செய்முறையில் வேறு முகம் காட்டுகின்றன. பிரெஞ்சுச் சமையலுக்கு, 2019 இல் மூன்று நட்சத்திரம் பெற்ற லெஸ் அமி, ஓடெட் ஆகிய இரண்டில் ஒன்று போதும். மதிய விருந்து இரவினும் மலிவாக உண்டா என்று விசாரியுங்கள். மூன்றாவதாக, சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கன் சமையலுக்கு 2016 இல் நட்சத்திரம் பெற்ற கேண்டில்நட். நச்சு நீங்கப் பல நாள் ஊறவைத்துச் சமைக்கும் புவா கெலுவாக் கொட்டையை நம்மூரில் எங்கே தேடுவது? ஆனால் அம்மரபில் பன்றியிறைச்சி மிகுதி என்பதால், மனைவியின் விலக்குகளை முன்பதிவின்போதே எழுத்தில் தெரிவியுங்கள்; மேசையில் அமர்ந்தபின் சொன்னால் மாற்றிச் சமைக்க இயலாமற்போகலாம். எஞ்சிய இரவை லாவ் பா சாட் உணவங்காடி நிலையத்தில் குச்சியில் கோத்துச் சுட்ட கோழிச் சாத்தேயுடன் கழியுங்கள்.

செலவைக் கணக்கிடும்போது விலைக்கு அருகிலுள்ள இரண்டு கூட்டல் குறிகளைக் கவனியுங்கள். 10 சதவீதச் சேவைக் கட்டணமும், அதையும் சேர்த்த தொகையின்மேல் 2024 முதல் 9 சதவீதமாக உள்ள வரியும் தனி என்பது அவற்றின் பொருள். 300 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) விருந்து 359.70 வெள்ளியாகும், இருவருக்கு 719.40. மதுபானம் இதில் அடங்காது. சேவைக் கட்டணம் இருப்பதால் தனியாக அன்பளிப்பு தர வேண்டியதில்லை.

பல இடங்களில் முன்பதிவுக்குக் கடன் அட்டை விவரம் கேட்பார்கள். வராமற்போனால் தலைக்கு இவ்வளவு என்று பிடித்துக்கொள்வார்கள். எத்தனை மணி நேரத்துக்கு முன்வரை கட்டணமின்றி ரத்துசெய்யலாம் என்பதைப் படித்துவிட்டுப் பதியுங்கள்; விமானம் இறங்கும் நாளுக்கு எதையும் பதியாதீர்கள்.