அண்டார்க்டிகாவின் டயாட்டம் ஓடுகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பழங்காலக் கடலை ஆராயச் சுண்ணாம்பு ஓடுகளைத்தானே பயன்படுத்துவார்கள்? அண்டார்க்டிகாவில் மட்டும் ஏன் டயாட்டம்?

அங்கே கடலடியில் சுண்ணாம்பு தங்குவது அரிது. குளிர்ந்த ஆழ்கடல் நீர் அதைக் கரைத்துவிடுகிறது. டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசியின் ஓடோ சிலிக்காவால் ஆனது. அந்த ஓடுகள் கண்டத்தைச் சுற்றிலும் வளையமாகப் படிந்திருக்கின்றன.

எந்தக் காலத்தில் கடற்பனி இருந்தது என்பதை ஓடு எப்படிச் சொல்லும்?

இனத்தைப் பார்த்துத்தான். ஃப்ராஜிலாரியாப்சிஸ் கர்ட்டா கடற்பனியை ஒட்டி வாழ்வது. அதே பேரினத்தின் கெர்குலென்சிஸ் திறந்த கடலுக்குரியது. ஒரு வண்டல் அடுக்கில் இவை எந்த விகிதத்தில் உள்ளன என்பதைக் கொண்டு அன்றைய பனி எல்லையைக் கணிக்கிறோம்.

பனிவிரிப்பு ஒருகாலத்தில் பின்வாங்கியது என்பதற்கு நேரடிச் சான்று உண்டா?

உண்டு. எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவதும் அதுதான். 2006-இன் இறுதியில், அண்டார்க்டிகாவின் கடலடியைத் துளைத்து ஆராயும் பன்னாட்டுத் திட்டமான ஆண்ட்ரிலைச் சேர்ந்தவர்கள் ராஸ் கடல் பகுதியில், மிதக்கும் பனித்தட்டைத் துளைத்து, கடலடிக்குக் கீழே 1,285 மீட்டர் வரை சென்றார்கள். பனியாறு கொண்டுவந்து கொட்டிய, கல்லும் மண்ணும் கலந்த அடுக்குகளுக்கு இடையே, ஏறத்தாழ 90 மீட்டர் தடிமனுக்கு டயாட்டம் படிவு கிடைத்தது. அது பிளியோசீன் காலத்தது, அதாவது சுமார் 53 லட்சம் முதல் 26 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய காலம். டயாட்டம் ஒளிச்சேர்க்கையால் வாழும் உயிர். வெயில் புகாத பனித்தட்டின் அடியில் அத்தனை ஓடுகள் குவிய வழியே இல்லை. அப்படியானால் அந்த இடம் அன்று திறந்த கடல். அப்போது காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்தில் 400 பங்கு வரை இருந்ததாகக் கணிக்கப்படுகிறது. நாம் இன்று அதைத் தாண்டிவிட்டோம். இதைப் பழங்கதையாக எண்ணி ஒதுக்க என்னால் முடியவில்லை.

மலையுச்சிகளிலும் கடல் டயாட்டம் கிடைத்ததாமே?

டிரான்ஸ்அண்டார்க்டிக் மலைத்தொடரில் பனியாறு விட்டுச்சென்ற சிரியஸ் படிவுகளில் கிடைத்தன. கிழக்கு அண்டார்க்டிகாவின் உட்பகுதியில் கடல் புகுந்திருந்தது, பின்னர் பனி அவற்றை மேலே சுமந்து வந்தது என்று 1984-இல் வெப், ஹார்வுட் முதலிய புவியியலாளர்கள் வாதிட்டார்கள். காற்றில் பறந்து வந்தவை என்றது மறுதரப்பு. தென்துருவப் பனியிலேயே காற்று கொண்டுவந்த டயாட்டம் கண்டறியப்பட்டது. அருகிலுள்ள வறண்ட பள்ளத்தாக்குகளில் பல பத்து லட்சம் ஆண்டுப் பழமையான எரிமலைச் சாம்பல் கலையாமல் கிடக்கிறது; அன்று முதல் அங்கே குளிர்ந்த வறண்ட நிலை பெரிதாக மாறவில்லை என்பதை அது காட்டுகிறது. இவ்விரண்டையும் வைத்துப் பார்த்தால் காற்று விளக்கமே வலுவானது என்பது என் கருத்து. ஓடு கிடைத்தால் மட்டும் போதாது, அது அங்கேயே படிந்ததா என்றும் கேட்க வேண்டும்.

எல்லா ஓடுகளும் வண்டலில் மிஞ்சுமா?

இல்லை. பெரும்பாலானவை கரைந்துவிடும், மெல்லியவை முதலில். கெர்குலென்சிஸின் தடித்த ஓடு தப்பிவிடும். அது மிகுந்திருந்தால், உடனே திறந்த கடல் என்று முடிவுகட்டாமல், மற்ற ஓடுகளில் அரிப்புத் தடயம் உண்டா என்று முதலில் பாருங்கள்.