ஸ்டைபண்ட் வேற, சம்பளம் வேறங்கண்ணே

அண்ணே, நேத்து ராத்திரி வாட்ஸ்அப்ல அனுப்புன பாப்பாவோட ஆஃபர் லெட்டரை ரெண்டு தடவை படிச்சுட்டேன். ஸ்டைபண்டுன்னாலும் சேலரின்னாலும் காசுதானுங்களேன்னு கேட்டிருந்தீங்க, அப்படி விட்டுற முடியாதுங்கண்ணே.

சிவதாபுரத்துல உங்க கொலுசுப் பட்டறையில வெள்ளியை எடை போட்டுக் குடுத்து, கொலுசா திரும்பி வந்ததும் மறுபடி தராசுல வெச்சு, சேதாரம் கழிச்சு, கிலோவுக்கு இவ்வளவுன்னு கூலி போடறீங்கல்ல, அந்தத் தராசுதான் இந்த வார்த்தைங்களுக்கும் வேர். ஸ்டைபண்டுங்கறது லத்தீன்ல காசை நிறுத்துக் குடுக்கறதுங்கற அர்த்தத்துல பொறந்த சொல்லு, ரோமப் படைவீரனோட கூலிக்குத்தான் அந்தப் பேரு இருந்துச்சு. சம்பளம், சலுகை எல்லாத்தையும் சேத்துச் சொல்ற காம்பன்சேஷனும் அதே மாதிரிதான், ரெண்டு தட்டுலயும் வெச்சு ஈடு பாக்கறது. சேலரிக்கு மட்டும் வேர் உப்பு. ஆனா படைவீரனுக்கு உப்பையே சம்பளமா அளந்து போட்டாங்கன்னு சொல்ற கதைக்கு பழைய ஆதாரம் கிடையாது, பாப்பா இன்டர்வியூல அதைச் சொல்லிட வேண்டாம்.

இன்னைக்கு ஸ்டைபண்டுன்னா பயிற்சிக் காலத்துக்குத் தர்ற தொகை. தொழில் பழகறவங்களுக்கான 1961 அப்ரண்டிஸ் சட்டத்துல எடுத்திருந்தா பாப்பா பயிற்சியில இருக்கறவ, தொழிலாளி இல்ல, பி.எஃப் பிடிக்க மாட்டாங்க, அந்த மாசமெல்லாம் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விட்டுப் போறப்ப கம்பெனி தர்ற மொத்தத் தொகை, அந்தக் கணக்குலயும் வராது. 6 மாசம் ஸ்டைபண்ட்னு போட்டிருக்காங்க சரி, அது முடிஞ்சா தானா வேலை நிரந்தரமாகி கன்ஃபர்ம் ஆகுமா இல்ல மறுபடி ஏதாச்சும் டெஸ்ட் வெப்பாங்களான்னு ஒரு வரி கூட இல்லீங்க. எனக்கு உறுத்தறது அதுதான்.

அப்புறம் 3.60 லட்சம் சி.டி.சி, அதாவது கம்பெனி வருஷத்துக்கு அவளுக்குன்னு செலவு பண்ற மொத்தத் தொகை. மாசம் 30,000 கைக்கு வரும்னு வீட்ல எல்லாரும் நெனச்சுட்டு இருக்கீங்க, வராதுங்கண்ணே. பேசிக், அதாவது அடிப்படைச் சம்பளம், மாசம் 15,000 போட்டிருக்காங்க. கம்பெனி கட்டற பி.எஃப் 1,800, கிராஜுவிட்டிக்குன்னு ஒதுக்கறது 720 சொச்சம், இது ரெண்டும் அந்த 30,000க்குள்ளேயே அடக்கம், அதுக்கு மேல பாப்பா பங்கு பி.எஃப் இன்னொரு 1,800 போகும், ஆக சுமார் 25,700 நிக்கும், தொழில் வரி தனி. பி.எஃப் அவ பணம், எங்கயும் போகாது. கிராஜுவிட்டி அப்படி இல்ல. அந்த வார்த்தைக்கு மூலம் மனசு நெறஞ்சு குடுக்கறதுங்கறது, இங்க 1972 சட்டத்துக்கப்புறம் உரிமையாயிருச்சு, ஆனாலும் பர்மனென்ட் வேலையில 5 வருஷம் இருந்தாதான் பொதுவா கிடைக்கும், நடுவுல விட்டா அந்த 720 வெறும் காகிதத்துல இருந்த எழுத்துதான்.

டிரெய்னிங் ஃபீஸ், லேப்டாப் டெபாசிட்னு எந்தப் பேருல பணம் கேட்டாலும் ஒரு ரூபா கூட அனுப்பிடாதீங்க, திருப்பித் தர்றோம்னு சொன்னாலும் சரி.

கன்ஃபர்மேஷன் எப்ப, எந்தச் சட்டத்துல எடுக்கறாங்க, கைக்கு எவ்வளவு, இந்த மூணையும் எச்.ஆருக்கு மெயில்லயே கேக்கச் சொல்லுங்க, போன்ல வேண்டாம். திங்கக்கிழமை பாப்பாவை அஞ்சு ரோடு ஆபீசுக்கு கூட்டிட்டு வாங்க, பக்கத்துல உக்காந்து அந்த மெயிலை அடிச்சுரலாம்.