டொமைன் புதுப்பிக்கச் சொல்லித் தபாலில் வந்த "பில்": கட்டத்தான் வேண்டுமா?

கேள்வி: பண்டாரவளையில் சிறிய விருந்தினர் இல்லம் ஒன்று நடத்துகிறோம். 2016இல் டொட்கொம் முகவரியில் (அதுதான் டொமைன்) வெப்சைட் தொடங்கினோம். போன வருடம் வெளிநாட்டுக் கம்பனி ஒன்றிடமிருந்து, டொமைன் காலாவதியாகப்போவதாகத் தபாலில் கடிதம் வந்தது. பில் என்று நினைத்து என் கணவர் கிரெடிட் காட்டில் 180 டொலர் கட்டிவிட்டார். இப்போது அதே கம்பனியிடமிருந்து "இறுதி அறிவித்தல்" வந்திருக்கிறது. கட்டாவிட்டால் வழக்குப் போடுவார்களா? போன வருடக் காசைத் திரும்ப வாங்க முடியுமா?

பதில்: கட்ட வேண்டாம். நீங்கள் கேட்காமலே ஒருவர் தன் சேவைக்கு விலை எழுதி அனுப்பினால் அது வெறும் முன்மொழிவுதான். நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் ஒப்பந்தம். பேசாமல் இருப்பது சம்மதம் ஆகாது. ஒப்பந்தம் இல்லாவிட்டால் கடனும் இல்லை. மேலே "இறுதி அறிவித்தல்" என்று எவ்வளவு பெரிதாக அச்சடித்திருந்தாலும் நிலைமை அதுதான். இப்படிப்பட்ட கடிதங்களின் அடியில் "இது பில் அல்ல" என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருப்பதும் உண்டு. தேடிப் பாருங்கள்.

ஒரு விஷயத்தை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். போன வருடம் நிரப்பிக் கொடுத்த படிவத்தில், வருடா வருடம் தானாகப் புதுப்பிக்கச் சம்மதம் என்று எங்காவது இருக்கிறதா? இருந்தால், தொடர விருப்பமில்லை என்று ஈமெயில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். காட் இலக்கமும் அவர்கள் கையில் இருப்பதால், வங்கியிடம் சொல்லிக் காட்டை மாற்றிவிடுவது நல்லது.

அப்புறம், அந்த 180 டொலருக்கு உண்மையில் என்ன வாங்கினீர்கள் என்று தெரிய வேண்டும். உலக அளவில் டொமைன் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் இணையத்தளத்தில் ஒரு தேடல் பக்கம் இருக்கிறது. உங்கள் டொமைன் பெயரை அதில் போட்டால் யாரிடம் பதிவாகியிருக்கிறது (அவர்தான் பதிவாளர்), எப்போது காலாவதியாகும் என்ற இரண்டும் வரும். 2016இல் பதிந்த இடமே இன்னும் காட்டினால், போன வருடம் கட்டிய காசால் டொமைன் புதுப்பிக்கப்படவில்லை. தேடுபொறிகளில் சேர்க்கிறோம், பட்டியலில் போடுகிறோம் என்று எதையோ விற்றிருக்கிறார்கள். அந்தக் கம்பனியின் பெயரே பதிவாளராக வந்தால், டொமைனைத் தங்களிடம் மாற்றிக்கொண்டார்கள் என்று அர்த்தம். அப்படியென்றால் மாற்றுவதற்கான குறியீட்டைக் கேளுங்கள்; ஐகான் விதிப்படி 5 நாளுக்குள் தர வேண்டும். அதை வைத்து நியாயமான விலைக்காரரிடம் போய்விடலாம்.

உங்கள் விலாசம் எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பீர்கள். 2018 மே வரை டொமைன் வைத்திருப்பவரின் பெயர், விலாசம் எல்லாம் பெரும்பாலும் யாரும் பார்க்கக்கூடியதாக இருந்தன. நீங்கள் பதிந்தது அதற்கு முன்பு.

எனக்கு இந்தக் கடிதத்தை விடப் பெரிய கவலை வேறு. உண்மையான பதிவாளர், காலாவதிக்கு ஏறக்குறைய ஒரு மாதம் முன்பும் ஒரு வாரம் முன்பும் நினைவூட்ட வேண்டும் என்பது விதி. அது யாருடைய ஈமெயிலுக்குப் போகிறது? நம் பக்கத்தில் வெப்சைட் செய்து கொடுத்த தம்பி தன் ஈமெயிலிலேயே எல்லாவற்றையும் பதிந்துவிட்டு, பிறகு கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடுவது சகஜம். டொமைன் அவர் பெயரில் இருந்தால் பிற்காலத்தில் உங்கள் உரிமையை நிரூபிப்பதே பெரும்பாடாகிவிடும். இந்த வாரமே அவரைப் பிடித்து, கணக்கையும் பாஸ்வேர்டையும் உங்கள் பெயருக்கு வாங்குங்கள். ஒரு நாள் பிந்தினால் டொமைன் போய்விடும் என்ற பயம் வேண்டாம். டொட்கொம் பெயரைப் பொதுவாகக் காலாவதியான பிறகும் சில வாரங்கள் புதுப்பிக்கலாம். அதற்குப் பின் அழித்தாலும் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, கட்டணம்தான் கூடும்.

சரி, போன வருடக் காசு. கிடைப்பது கடினம். காட் கொடுப்பனவை ஆட்சேபிக்கச் சில மாதங்கள்தான் தருவார்கள். ஒரு தடவை வங்கியில் கேட்டுப் பாருங்கள், ஆனால் நம்பியிருக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்திலும் முறைப்பாட்டுக்கு 3 மாதம்தான். தண்டனைச் சட்டக்கோவையின் 398ஆம் பிரிவின்படி மோசடி என்று பொலிஸுக்குப் போகலாம்தான். ஆனால் "பில் அல்ல" என்ற வரி இருந்தால் ஏமாற்றும் எண்ணத்தை நிரூபிப்பது சிரமம், எதிராளியும் கடல் கடந்து இருக்கிறார். வெளிநாட்டு வழக்கு 180 டொலருக்குக் கட்டாது.

இந்த வருடக் கடிதம் வேறு விஷயம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின் 30ஆம் பிரிவு, நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக்கூடிய வியாபார நடத்தையே கூடாது என்கிறது. பொடி எழுத்து இருந்தாலும், முழுக் கடிதமும் பார்ப்பவருக்குப் பில் போலத் தோன்றுகிறதா என்று வாதாட இடமுண்டு. அமெரிக்காவில் இதே தந்திரத்துக்காக ஒரு கம்பனி மீது 2003இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அதோடு தொடர்புள்ள பதிவாளர் ஒருவரை 2014இல் ஐகானும் இடைநிறுத்தியது. வெளிநாட்டுக் கம்பனியை இங்கிருந்து தண்டிப்பது எளிதல்ல என்றாலும், முறைப்பாடு பதிவில் இருப்பது நல்லது.

கடிதத்தின் பிரதி, தபால் முத்திரையுள்ள உறை, போன வருட வங்கிக் கூற்று ஆகியவற்றை இணைத்து அதிகார சபைக்கு எழுத்தில் கொடுங்கள். விவரத்துக்கு 1977ஐ அழைக்கலாம். தமிழிலேயே எழுதுங்கள். அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி தமிழில் பதில் பெறுவதும் உங்கள் உரிமை. சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் தரச்சொல்லி மறுபடி எழுதுங்கள்.