தாது வருஷத்துல பொறந்த அப்பாயி

கேள்வி: அக்கா, எங்க அப்பாயி 2025 ஆவணியில போய்ட்டாங்க. ஊரு லால்குடி பக்கம். முதல் திதிக்கு வர்ற சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கிற மாதிரி, அப்பாயியப் பத்தி சின்னதா ஒரு புக்கு போடலாம்னு பேரப்புள்ளைங்க சேர்ந்து முடிவு பண்ணிருக்கோம். ஆனா முதல் பக்கத்துலயே நிக்குது. ஆதார்ல ஜனவரி 1, 1930னு இருக்கு. பெரியப்பா 95 வயசுங்கறாரு, அத்தை 90 கூட ஆகலைங்கறாங்க. அப்பாயி எப்பவும் சொல்றது "நான் தாது வருசம், தைப்பூசத்துக்கு மொத நாள் பொறந்தவ"னு. தங்கச்சி நெட்ல தேடினா தாது வருஷம் 1876னு காட்டுது! மூத்தவர் பெரியப்பா, அவர் அரியலூர் ரயில் கவுந்தப்போ கைக்குழந்தையாம், அது ஒண்ணுதான் எல்லாரும் ஒத்துக்கிற விஷயம். அப்பாயி கூடப் பொறந்தவங்கள்ல சின்ன அப்பாயி மட்டும் இருக்காங்க. என்ன தேதி போடறது, என்னென்ன எழுதறது?
- ஒரு பேத்தி, திருச்சி

பதில்: உங்க அப்பாயிக்கு என் வணக்கம்மா. தேதிய அவங்களே சரியா சொல்லிட்டுத்தான் போயிருக்காங்க, நாமதான் புரிஞ்சுக்கல.

தமிழ் வருஷம் மொத்தம் 60, பிரபவல ஆரம்பிச்சு அட்சயல முடியும், மறுபடி பிரபவ. அதனால தாதுங்கிற பேரு 60 வருஷத்துக்கு ஒருக்கா வரும், 1876, 1936, 1996னு. உங்க தங்கச்சிக்குக் கிடைச்சது தாது வருஷப் பஞ்சம், சென்னை மாகாணத்துல லட்சக்கணக்கான ஜனங்க பசியில செத்துப்போன காலம், அதனாலதான் அந்த வருஷத்தோட பேரு ஜனங்க வாயில அப்படி ஒட்டிக்கிச்சு. உங்க அப்பாயி அதுக்கு அடுத்த தாது. ஆனா 1936னு எழுதிடாதீங்க. தாது வருஷம் 1936 சித்திரையில பொறந்து 1937 பங்குனியில முடிஞ்சது, தை மாசம்னா அது 1937. அந்த வருஷம் தைப்பூசம் ஜனவரி கடைசியில வந்தது. பழைய பஞ்சாங்கம் வெச்சிருக்கிற ஜோசியர் யாராச்சும் இருந்தா தேதியே எடுத்துக் குடுத்துருவாரு. ஆக, போகும்போது 88 முடிஞ்சு 89 நடந்துட்டு இருந்திருக்கு. அத்தை சொன்னதுதான் சரி.

இதை இன்னொரு வழியிலயும் பாத்துக்கலாம். அரியலூர் ரயில் விபத்து 1956 நவம்பர் 23, மருதையாத்துல வெள்ளம் வந்து பாலம் போய் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவுந்தது, ரயில்வே மந்திரியா இருந்த லால் பகதூர் சாஸ்திரி அதுக்குப் பொறுப்பேத்து ராஜினாமா பண்ணாரு. அப்ப உங்க பெரியப்பா கைக்குழந்தைன்னா அப்பாயிக்கு 19 வயசு, கணக்கு பொருந்துது. 1930ல பொறந்திருந்தா தலைப்புள்ளைக்கே 25, 26 ஆகியிருக்கும், அந்தக் காலத்துல ஊர்ப்பக்கம் அது அபூர்வம். ஆதார் தேதியப் பத்திக் கவலைப்படாதீங்க, தேதி தெரியாத பெரியவங்க எத்தனையோ பேருக்கு ஜனவரி 1தான் இருக்கு.

இப்ப என்ன எழுதறதுன்னு. பாசமானவங்க, உழைப்பாளி, வீட்டுக்கே விளக்கு, இந்த வார்த்தையெல்லாம் எந்த அப்பாயிக்கும் எழுதலாம், உங்க அப்பாயிய அதுல கண்டுபிடிக்க முடியாது. எங்க அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பால் கணக்க அடுப்படிக் கதவுக்குப் பின்னால சுவத்துல கரிக்கட்டியால கோடு போட்டு வெப்பாங்க, நாலு கோடு நின்னாப்ல, அஞ்சாவது குறுக்கால, பால்காரர் காசு வாங்கிட்டுப் போனதும் ஈரத்துணியால தொடச்சிட்டு மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிப்பாங்க. 1957லயே நயா பைசா வந்துட்டாலும் கடைசி வரைக்கும் அவங்க கணக்கு அணாவுலதான். அவங்க போனப்புறம் வீட்டுக்கு வெள்ளையடிச்சோம், அந்தக் கோடும் போச்சு. அவங்க கையால போட்டதுன்னு எங்ககிட்ட இருந்தது அது ஒண்ணுதான், ஒரு போட்டோகூட எடுத்து வெக்காம விட்டுட்டோமேன்னு எனக்கு இன்னிக்கும் ஆறல.

அதனால சொல்றேன், அப்பாயி பேர்ல நிலமோ மனையோ இருந்து அவங்க எப்பவாச்சும் பத்திரத்துல கைநாட்டு வெச்சிருந்தா அதைத் தேடி எடுங்க. பத்திரம் தொலஞ்சிருந்தாலும் வில்லங்கம் போட்டுப் பாத்தா பத்திர நம்பர் கிடைக்கும், அத வெச்சு சார்பதிவாளர் ஆபீஸ்ல நகல் கேக்கலாம். அவங்க முழுப் பேரு எழுதியிருக்கும், யாருக்குத் தெரியும், வீட்ல யாருமே கூப்பிடாத பேரா இருக்கும். கைரேகை தெளிவா இருந்தா அதையே முதல் பக்கத்துல போடுங்க, போட்டோவ விட அது பெருசு.

எல்லாத்துக்கும் முன்னால ஒண்ணு. திதி வரைக்கும் காத்திருக்காம இந்த ஞாயித்துக்கிழமையே சின்ன அப்பாயியப் போய்ப் பாருங்க. உங்க அப்பாயிய சின்னப் புள்ளையாப் பாத்தவங்க இந்த உலகத்துல இனிமே அவங்க ஒருத்தர்தான். "அப்பாயி எப்படி இருந்தாங்க"ன்னு கேட்டா "நல்லா இருந்தா"ன்னு முடிச்சிருவாங்க. அம்மா அவங்கள என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க, அக்கா தங்கச்சி சண்டை எதுக்கு வரும், பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு என்ன சமையல், நடவு நடும்போது யாரு பாட்டு எடுப்பாங்க, காந்தி செத்த சேதி ஊருக்கு எப்படி வந்துச்சு (அப்ப உங்க அப்பாயிக்கு 11 வயசு), இப்படிக் கேளுங்க. போன்ல ரெக்கார்டரப் போட்டு மடியில வெச்சுட்டு நீங்க சும்மா வெத்தல மடிச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. நடுவுல திருத்தாதீங்க, அவங்க சொன்ன பேச்ச அப்படியே புக்குல போடுங்க.

கேள்வி: மாமியார் 91 வயசுல போய்ட்டாங்க. வாட்ஸப் குரூப்ல எல்லாரும் தெய்வம்னு எழுதறாங்க, என்னையும் எழுதச் சொல்றாங்க. முதல் பத்து வருஷம் என்னைத் தினம் அழ வெச்சவங்க, கடைசி ஆறு வருஷம் நான்தான் குளிப்பாட்டி விட்டேன். நான் என்னத்த எழுத?
- ஒரு மருமகள், மணப்பாறை

பதில்: நீங்க எழுதலேன்னா அந்த நினைவு முழுசாகாதும்மா. மத்தவங்க எல்லாம் அவங்கள லீவுக்கு வந்து பாத்தவங்க, நீங்கதான் கூட இருந்தவங்க. ரெண்டையும் எழுதுங்க. ஆனா குரூப்ல வேணாம், ஒரு நோட்டுல எழுதி வைங்க, யாருக்குக் காட்டணும்னு அப்புறம் நீங்களே முடிவு பண்ணிக்கலாம்.

எங்கம்மா அனுபவத்தச் சொல்றேன். எங்க வீட்ல அரிசிய அப்பாயிதான் அளந்து போடுவாங்க, உழக்க மருமகள்கள் தொடக்கூடாது, அம்மா பசியோட படுத்த ராத்திரியெல்லாம் உண்டு. ஒரு பொங்கலன்னிக்கு விடிகாலையில, அடுப்பு மூட்டிட்டு இருந்த அம்மா கிட்ட வந்து ஒரு வார்த்தை பேசாம உழக்கக் கீழ வெச்சிட்டுத் திரும்பிப் போயிட்டாங்களாம். அதுக்கப்புறம் ஒரு நாளும் அரிசிப் பானைக்கிட்ட வரல. அம்மா இப்பவும் அதே பித்தள உழக்குலதான் அளக்கறாங்க. இதச் சொல்லும்போது அம்மா குரல்ல இருக்கறது சந்தோஷமா ஆத்தாமையான்னு எனக்குப் பிரிச்சுச் சொல்லத் தெரியல, அதனால அவங்க சொன்னத அப்படியே எழுதி வெச்சிருக்கேன்.

நீங்களும் முதல் நாள் அந்த வீட்டுக்குள்ள போனப்போ உங்க கையில என்ன குடுத்தாங்களோ, அதுலேர்ந்து ஆரம்பிங்க.