கட்சீன்களுக்கு நடுவே இருப்பது

அன்புள்ள ஐயா,

‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ கேமை இரண்டு மணி நேரப் படமாகப் பயிற்சிக்கு எழுதிப் பார்த்தேன். கட்சீன்களை, அதாவது நாம் விளையாடாமல் வெறுமனே பார்க்கும் கதைக் காட்சிகளை, வசனம் மாறாமல் வரிசையாகக் கோத்தேன். கேமில் அழவைத்த இடங்கள்கூடத் தாளில் உயிரில்லாமல் கிடக்கின்றன. ஏன்?

ஓர் உதவி இயக்குநர்

அன்புள்ள நண்பருக்கு,

கட்சீன்களை மட்டும் எடுத்துக்கொண்டதுதான் காரணம். அவற்றின் கனம் அதற்கு முன் விளையாடிய நேரத்தில் சேர்ந்தது. அந்த நேரத்தை வெட்டிவிட்டீர்கள்.

2013இல் வந்த கேமின் தொடக்கத்தைப் பாருங்கள். நள்ளிரவில் கதாநாயகன் ஜோயலின் மகள் சாரா விழித்தெழுகிறாள். கன்ட்ரோலர் நம் கையில். அவளாகவே இருட்டு வீட்டில் அறை அறையாக அப்பாவைத் தேடுகிறோம். சில நிமிடங்களில் அவள் நமக்கு வேண்டியவளாகிவிடுகிறாள். 2023இல் வந்த எச்பிஓ தொடருக்கு அந்த வசதி கிடையாது. ஆகவே கிரெய்க் மேசினும், கேமை எழுதிய நீல் டிரக்மனும் அவளுக்கு ஒரு முழுப் பகலைக் கொடுத்தார்கள்: காலைச் சாப்பாடு, பள்ளிக்கூடம், அப்பாவின் கைக்கடிகாரத்தைச் சரிசெய்யக் கடைக்குப் போவது, பக்கத்து வீடு. கை செய்த வேலையைச் செய்ய இத்தனை சீன் தேவைப்பட்டது.

கடைசி மருத்துவமனைக் காட்சி இன்னும் கடினம். கேமில் ஜோயலாக, தொற்று பாதிக்காத சிறுமி எல்லியைக் காப்பாற்ற, அறுவை மருத்துவரை நாமே கொல்ல வேண்டும். செய்யாவிட்டால் கதை நகராது. அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு. தொடரில் பங்கு தர முடியாது என்பதால், துப்பாக்கிச் சத்தத்தை அடக்கி இசையை மேலே ஏற்றி, ஜோயலை நாம் வெளியே நின்று பார்க்கும்படி செய்தார்கள். மிகச் சரியான முடிவு என்பேன்.

எல்லியை மரப்பலகையில் ஏற்றித் தண்ணீரைக் கடக்கவைப்பது, ஏணி தேடுவது போன்றவற்றைத் தயங்காமல் விடலாம். காற்றில் பரவித் தொற்றவைக்கும் பூஞ்சை வித்துகளான ஸ்போர்களையும் முதல் சீசனில் விட்டார்கள். வாயுக் கவசம் மாட்டினால் நடிகரின் முகம் மறைந்துவிடும் அல்லவா?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. விளையாடுவதை முழுக்கப் பதிவுசெய்து, தாளை மேலிருந்து கீழாக மூன்று பத்திகளாகப் பிரியுங்கள். முதலாவதில் கை என்ன செய்கிறது. இரண்டாவதில் அதனால் என்ன உணர்வு வருகிறது. மூன்றாவதில் அதே உணர்வைக் கன்ட்ரோலர் இல்லாமல் எந்தச் செயல் தரும். மூன்றாவது காலியாக இருக்கும் பகுதியை எடுத்துவிடுங்கள். இரண்டாவதே காலி என்றால் அது வெறும் வழி கடத்தல்.

பாஸ்டனிலிருந்து சால்ட் லேக் சிட்டிவரை ஜோயலும் எல்லியும் போகும் பயணம் இரண்டு மணி நேரத்தில் அடங்காது. பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்று வைத்தால் உங்களிடம் இருப்பது 120 பக்கம். தொடரின் முதல் சீசனுக்கே 9 பகுதிகள் ஆயின. குளிர்காலப் பகுதியை மட்டும் எடுங்கள்: ஜோயல் காயத்தோடு கிடக்கிறான், எல்லி மான் வேட்டைக்குப் போகிறாள், டேவிட் என்ற அந்நியன் வருகிறான். அதற்கென்று தொடக்கமும் முடிவும் உண்டு. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கேமில் சாராவுக்குப் பின் அதுவரை ஜோயலாக ஆடியவர் அங்கே திடீரென்று எல்லியாக ஆட வேண்டியிருக்கிறது. அந்த அதிர்ச்சி படத்தில் வராது. அதனால் முதல் பக்கத்திலிருந்தே எல்லியோடு இருங்கள். ஜோயலை விட்டுப் போக அவளால் ஏன் முடியவில்லை என்பது 15ஆம் பக்கத்துக்குள் அவள் செய்கிற ஏதாவதொரு காரியத்தில் தெரிய வேண்டும், வசனத்தில் அல்ல.